இலங்கை வானொலி: நாம் கேளாதவை

இலக்கியச் சிற்றிதழ்களைத் தொடர்ந்து வாசித்து வருவோர்க்கு ஒரு கட்டுரை மனப்பாடமாகியிருக்கும். எழுதுபவரின் பெயரும் ஊரும் மாறும், கட்டுரை மாறாது. முதற்பத்தியில் அப்பா வாங்கி வந்த மர்ஃபி அல்லது பிலிப்ஸ் பெட்டி. அடுத்ததில் ஓட்டுக்கூரையின் மேல் இழுத்துக் கட்டிய ஏரியல். பின்னர் பொங்கும் பூம்புனல், நேயர் விருப்பம், பிறந்தநாள் வாழ்த்து, இசையும் கதையும், பாட்டுக்குப் பாட்டு என்று நிகழ்ச்சிகளின் நிரல். அதன்பின் மயில்வாகனம், கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீது என அறிவிப்பாளர்களின் திருநாமங்கள். 'அந்தத் தமிழ் இனி வருமா' என்றொரு பெருமூச்சு. இறுதியில் இன்றைய பண்பலைத் தொகுப்பாளர்களின் ஆங்கிலக் கலப்புக்கு இரண்டு சாபம்.

இக்கட்டுரையை நாமும் ஒருமுறை எழுதியிருக்கிறோம். ஓர் ஆண்டு மலரில் வெளிவந்தது. பாராட்டுக் கடிதங்களும் வந்தன. ஆகவே பின்வருவனவற்றை முதலில் நம்மை நோக்கியே நாம் சொல்லிக்கொள்வதாகக் கொள்க.

நம் வாதம் எளியது. தமிழ்நாட்டில் இருந்த நாம் இலங்கை வானொலியைக் கேட்கவேயில்லை. இலங்கை வானொலியின் வழியாக நம் பாட்டை நாமே கேட்டுக்கொண்டிருந்தோம்.

வரலாற்றைச் சற்றே புரட்டினால் இது விளங்கும். 1925இல் கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு, இரண்டாம் உலகப் போரில் நேசநாட்டுப் படையினருக்காக அங்கே நிறுவப்பட்ட சக்தி வாய்ந்த ஒலிபரப்பிகளைப் பின்னர் பெற்றுக்கொண்டு, 1949இல் ரேடியோ சிலோன் ஆயிற்று. மறு ஆண்டே வர்த்தக சேவை தொடங்கியது. இங்கோ, 1952இல் ஒன்றிய அரசில் தகவல் ஒலிபரப்புத் துறைக்குப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் இரசனையைக் கெடுப்பன என்று கருதி அவற்றை அகில இந்திய வானொலியின் வாயிலிலேயே நிறுத்தினார். விரட்டப்பட்ட பாட்டு கடல் கடந்து கொழும்புக்குப் போய், அங்கிருந்து பற்பசை விளம்பரத்தோடு திரும்பி வந்தது. இந்திக்காரர்களுக்கு அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலா. நமக்குத் தமிழ் வர்த்தக சேவை. தில்லி தன் பிழையை உணர்ந்து விவித் பாரதியைத் தொடங்கியது 1957இல். அதில் விளம்பரத்தை அனுமதித்தது 1967இல். அதற்குள் தமிழ்நாட்டுக் கடற்கரை மாவட்டங்களின் காது கொழும்பின் பக்கம் திரும்பிப் பழகிவிட்டது.

ஆக, அது மறு ஏற்றுமதி. பாட்டு கோடம்பாக்கத்தில் பிறந்தது. விளம்பரத்துக்குப் பணம் தந்தவற்றுள் இந்திய நிறுவனங்களும் இருந்தன. கேட்டவர்கள் நாம். நடுவில் இருந்த குரல் மட்டுமே இலங்கையினுடையது. அக்குரலும் என்ன சொல்லிற்று என்பதை நாம் கேட்டோமில்லை. எப்படிச் சொல்லிற்று என்பதையே கேட்டோம்.

நம் ஊர் தொண்டிக்கும் மீமிசலுக்கும் இடைப்பட்ட கடற்கரையில் இருக்கிறது. மத்திய அலை வானொலிக்குக் கடல் ஒரு நெடுஞ்சாலை. உப்புநீர் மின்னைக் கடத்துமாதலால் நிலத்தில் தேய்ந்து போகும் அலை நீர்ப்பரப்பின் மேல் வெகுதூரம் தேயாமல் வருகிறது. அதனால் எங்கள் பக்கத்தில் திருச்சி நிலையம் தொண்டை கட்டியவர் பேசுவதுபோலவும், கொழும்பு பக்கத்து வீட்டில் பேசுவதுபோலவும் கேட்கும். எங்கள் ஊருக்கு உள்ளூர் வானொலி என்றால் அதுதான். தேநீர்க்கடை, முடிதிருத்தகம், வலை பின்னும் கொட்டகை எல்லாவற்றிலும் முள் ஒரே இடத்தில் நின்றது. அது ஓர் அயல்நாட்டு அரசின் நிலையம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டோம்.

இவ்விடத்தில் ஓர் ஒப்புதல் வாக்குமூலம் தேவைப்படுகிறது. நாம் பிறந்தது எழுபதுகளின் இறுதியில். நமக்கு விவரம் தெரியத் தொடங்கியபோது 1983 ஜூலை கடந்துபோயிருந்தது. நாம் கேட்டது அந்நிலையத்தின் பொற்காலத்தை அன்று, அதன் எச்சத்தை. ஆண்டு மலரில் நாம் எழுதிய நினைவுகளில் சரிபாதி அண்ணன்மாரும் தாய்மாமன்மாரும் சொல்லக் கேட்டவை. கே. எஸ். ராஜா மூச்சு விடாமல் பேசிய திரைவிருந்தை நாமே கேட்டதாக எழுதினோம். கேட்டவர் எம் மாமா. நாற்பதுகளில் இருக்கும் எம் தலைமுறையினர் எழுதும் இவ்வகைக் கட்டுரைகளில் எத்தனை பேர் இப்படி இரவல் காதுகளோடு எழுதுகிறார்கள் என்பதை அவரவர் மனசாட்சிக்கே விடுகிறோம்.

அந்தக் கே. எஸ். ராஜா கொல்லப்பட்டார். நினைவுக் கட்டுரைகளில் அவருடைய பேச்சு வேகத்துக்கு ஒரு பக்கம் கிடைக்கும்; அவருடைய சாவுக்கு அடைப்புக்குறிக்குள் ஒரு வரி. நாம் அந்த ஒரு வரியைக்கூட எழுதவில்லை.

பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். பாடலுக்கு முன்னால் பெயர்களின் பெருக்கு வரும். அம்மா, அப்பா, அம்மம்மா, அப்பப்பா, மாமி, மச்சாள் என உறவுகள். அவர்கள் வாழும் ஊர்கள்: கொக்குவில், மானிப்பாய், சாவகச்சேரி, ஏறாவூர், காத்தான்குடி, அக்கரைப்பற்று, மாத்தளை, பதுளை, ஹட்டன். நமக்கு அது பாட்டுக்கு முன்னே வரும் இரைச்சல். அந்த இடைவெளியில் சோற்றைப் பிசைந்து முடித்துவிடலாம். பெட்டியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டலாம். ஓர் ஊர்ப்பெயர்கூட மனத்தில் தங்கியதில்லை. பின்னொரு காலத்தில் அவ்வூர்களுள் சில நாளிதழின் முதற்பக்கத்துக்கு வந்தன. 1990 ஆகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் ஏறாவூரில் இன்னொரு படுகொலை. அப்பெயர்களை நாள்தோறும் செவியில் வாங்கியிருந்த நமக்கு அவை புதுப்பெயர்கள் போலவே இருந்தன.

அப்துல் ஹமீதின் தமிழை உச்சிமோந்து எழுதாத தமிழ்நாட்டு இலக்கியவாதி குறைவு. லகர ளகர ழகரம் பிறழாத உச்சரிப்பு என்பார்கள். தமிழாசிரியர்களாகிய நாம் அதை வகுப்பில் எடுத்துக்காட்டாகவே சொல்லியிருக்கிறோம். நல்லது. 1990 அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள், தமிழைத் தவிர வேறு தாய்மொழி அறியாதவர்கள், சில நாட்களுக்குள், யாழ்ப்பாண நகரில் சில மணி நேரத்துக்குள், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். ஒரு முஸ்லிமின் நாவில் புரண்ட தமிழை வழிபட்ட நாம், அதே தமிழைப் பேசியதற்காக யாதொரு சலுகையும் பெறாத அம்மக்களைப் பற்றி எத்தனை வரி எழுதினோம்? உச்சரிப்பு நமக்கு வேண்டியிருந்தது. உச்சரித்தவரின் சமூகம் வேண்டியிருக்கவில்லை.

இனி நம் துறைக்கே வருவோம். முதுகலைத் தமிழ் பயின்ற எவரும் 'சிட்டி – சிவபாதசுந்தரம்' என்ற இரட்டைப் பெயரை அறிவர். தமிழ் நாவலின் நூறாண்டு வரலாற்றையும் தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றையும் எழுதியவர்கள். தேர்வுக்கு முதல்நாள் இரவு அந்நூல்களைப் புரட்டாத மாணவர் எம் காலத்தில் இல்லை. இடையிலிருக்கும் சிறுகோட்டுக்கு வலப்பக்கம் நிற்கும் சோ. சிவபாதசுந்தரம் யார்? நாம் மாணவராக இருந்தபோது கேட்கவில்லை. ஆசிரியரான பின்னும் பல ஆண்டுகள் கேட்கவில்லை. அவர் யாழ்ப்பாணத்தார். இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்புக்குத் தலைமை தாங்கியவர். பிறகு இலண்டன் சென்று பிபிசியின் தமிழ் நிகழ்ச்சிக்குத் 'தமிழோசை' என்று பெயர் சூட்டியவர். 2017 ஏப்ரலில் அவ்வானொலிச் சேவை நிறுத்தப்படும் வரை அப்பெயர் வாழ்ந்தது. 'ஒலிபரப்புக் கலை' என்று ஒரு நூலே எழுதியவர். நாம் நினைந்து நினைந்து உருகும் அந்த வானொலித் தமிழுக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர் எழுதிய புத்தகம் நம் மேசையிலேயே கிடந்தது. வானொலிக் கட்டுரை எழுதிய அதே மேசை.

தமிழ்நாட்டவரான நாம் கேட்டது வர்த்தக சேவையை. முள்ளைச் சற்றே நகர்த்தினால் அதே நிலையத்தின் தேசிய சேவை. அங்கே 'சானா' எனப்பட்ட சண்முகநாதன் உருவாக்கிய 'லண்டன் கந்தையா' யாழ்ப்பாணப் பேச்சில் உலவிற்று. தொடர்நாடகங்கள் ஒலித்தன. அந்த நேரத்தில் வீதிகள் வெறிச்சோடின என்று ஈழத்து நண்பர்கள் இன்றும் சொல்வார்கள். அந்த நாடகங்களில் யாழ்ப்பாணம் பேசியது, சண்டை பிடித்தது, அழுதது. நாம் முள்ளை நகர்த்தவில்லை. பாட்டு இல்லாத இடத்தில் நமக்கு என்ன வேலை?

இதன் விளைவை இலக்கிய வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. ஈழத்துக் கதைகள் விளங்கவில்லை, அடிக்குறிப்பு வேண்டும் என்று தமிழ்நாட்டு இதழியலாளர் கேட்டதும், ஈழத்தார் சினந்ததும் பழைய பூசல். அந்தப் பூசல் நடந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். தமிழ்நாடு இலங்கை வானொலியைத் தன் வானொலியாகக் கொண்டாடிய அதே ஆண்டுகள். காலையில் ஆறு மணிக்குக் கொழும்போடு கண்விழித்து, இரவில் கொழும்போடு கண்ணயர்ந்தவர்களுக்குக் 'கதைத்தல்' என்றால் பேசுதல், 'வடிவு' என்றால் அழகு என்பதற்கு அடிக்குறிப்பு வேண்டியிருந்தது. முப்பது ஆண்டு செவிமடுத்ததன் பயன் இதுவாயின், அச்செவியைப் பற்றிப் பெருமை பேசுவதில் என்ன இருக்கிறது?

அங்கிருந்து நாம் பெற்றுக்கொண்ட பாட்டு ஒரு வகைதான்: பொப்பிசை. அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளிலும் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பைலா மெட்டில் பாடிய பாடல்கள். அவை அசலானவை, கோடம்பாக்கத்தின் நகல் அல்ல, ஒரு தீவின் மூன்று மொழிக் கலப்பில் பிறந்த கொண்டாட்டம். நாம் அவற்றைக் கல்லூரிச் சுற்றுலாப் பேருந்தின் கைதட்டலுக்கு வைத்துக்கொண்டோம். 'சுராங்கனி' 1977இல் தமிழ்த் திரைப்படத்துக்குள்ளும் வந்துவிட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட்டில் இலங்கையில் தமிழர்மீது வன்முறை ஏவப்பட்டு மலையகத்தார் பலர் வன்னிக்கு ஓடினார்கள். பாட்டு மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்தது. மனோகரன் சென்னைக்கு வந்து, திரைப்படங்களில் சிறுசிறு வேடங்கள் ஏற்று, 2018 ஜனவரியில் இங்கேயே மறைந்தார். அஞ்சலிக் குறிப்புகளிலெல்லாம் அந்த ஒரே பாட்டுத்தான்.

மறுப்புகள் வரும் என்பதை அறிவோம். பாட்டுக் கேட்ட சிறுவர்களிடம் அரசியல் கணக்குக் கேட்பது முறையா என்பார்கள். சிறுவர்களோடு நமக்கு வழக்கில்லை. ஐம்பது வயதில் அமர்ந்து, எல்லாம் தெரிந்த பின்னும் பாட்டை மட்டும் எழுதுகிறவர்களோடுதான் வழக்கு. இன்னொரு மறுப்பு கனமானது: 1983இல் தமிழ்நாடு கொதித்தெழவில்லையா? எழுந்தது. கடையடைப்பும் ஊர்வலமும் தீக்குளிப்பும் உண்மை. அவற்றைக் குறைத்துச் சொல்ல நமக்கு அருகதை இல்லை. எனினும், அதற்குப் பிறகான முப்பது ஆண்டுகளில் ஈழத்தைப் பற்றி இங்கே ஒலித்த பேச்சில் எவ்வளவு பங்கு அங்கிருந்து வந்த குரல், எவ்வளவு பங்கு நம் மேடையில் நாம் பாடியது என்று நேர்மையாகக் கணக்கிட்டால் அங்கும் வர்த்தக சேவையின் விகிதமே தென்படும் என்று அஞ்சுகிறோம். ஈழத்துக் கவிஞர்கள் எண்பதுகளில் எழுதியதை நம்மில் எத்தனை பேர் அந்த எண்பதுகளிலேயே வாசித்தோம்? டொமினிக் ஜீவா 1966 முதல் நடத்திய 'மல்லிகை' எத்தனை கல்லூரி நூலகங்களுக்கு வந்தது? எம் கல்லூரிக்கு வரவில்லை. வரவழைக்க நாம் ஒரு கடிதமும் எழுதவில்லை.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'தெனாலி' நினைவிருக்கும். எதைக் கண்டாலும் அஞ்சி நடுங்கும் ஈழத்தமிழன். அந்நடுக்கமும் அவன் பேச்சும் நமக்குச் சிரிப்பு. அரங்கில் நாமும் சிரித்தோம். அடிக்குறிப்பு இல்லாமல் விளங்கிய முதல் ஈழத்துப் பேச்சு அதுதான்.

நினைவேக்கக் கட்டுரைகளுக்கு இலக்கிய இதழ்கள் இப்போது வழங்கும் அழகிய பெயர் 'நனவிடை தோய்தல்'. அச்சொற்றொடர் எஸ்.பொ.வுடையது. தம் யாழ்ப்பாணத்து இளமையை எழுதிய நூலுக்கு அவர் இட்ட தலைப்பு. அவர் தோய்ந்த நனவில் தெருக்கள் இருந்தன, சாதி இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, மனிதர்கள் இருந்தார்கள். நாம் அந்தச் சொல்லையும் இறக்குமதி செய்து அதற்குள் மர்ஃபி பெட்டியை வைத்துவிட்டோம்.

எங்கள் தெருக்கோடியில் 'சிலோன்காரங்க வீடு' என்று ஒன்று இருந்தது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இந்தியா ஏற்றுக்கொள்ள ஒப்பிய ஐந்தே கால் இலட்சம் பேருள் ஒரு குடும்பம். மண்டபம் முகாம் வழியாக வந்தவர்கள். அவ்வீட்டில் முதியவர் ஒருவர் இருந்தார். நாங்கள் பெரியம்மா என்போம். அவர்கள் வீட்டில் வானொலி இல்லை. பிறந்தநாள் வாழ்த்து நேரத்துக்கு அவர் எங்கள் வாசலுக்கு வருவார். 'உள்ளே வாங்க பெரியம்மா' என்று அம்மா அழைத்தாலும் வரமாட்டார். தூணைப் பிடித்துக்கொண்டு திண்ணையோரம் நிற்பார். பெயர்களும் ஊர்களும் வாசிக்கப்படும் வரை நிற்பார். பாட்டுத் தொடங்கியதும் போய்விடுவார். பாட்டு இரசனை இல்லாத கிழவி என்று நாங்கள் எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம்.

ஒருநாள் அறிவிப்பாளர் 'உக்குவளை' என்று ஓர் ஊரைச் சொன்னார். பெரியம்மா தூணை விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். 'என்ன சொன்னாங்க, யாருன்னு சொன்னாங்க' என்று எங்களைக் கேட்டார். நாங்கள் கவனித்திருக்கவில்லை. பாட்டு ஆரம்பித்திருந்தது. அண்ணன் எழுந்து போய் ஒலியைக் கூட்டினான்.